‘நாங்கள்’ என்று சொல்லி அழுவது

அன்புள்ள ஐயா, தோத்திரம்.

ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கை சொல்லும்போது என் மனம் அதில் ஒட்டுவதில்லை. சொந்தப் பாவத்துக்காக அழ முயன்றால் கண்ணீர் வருவதில்லை. வந்தாலும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற சோர்வில் போய் முடிகிறது. ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நோன்பு நாட்களில் போதகர், சபைக்குள் இருக்கும் சாதிப் பாவத்துக்காகவும் துக்கப்படச் சொல்கிறார். நான் யாரையும் ஒதுக்கியதில்லை. முன்னோர் செய்ததற்கு நான் ஏன் அழ வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நெகேமியாவின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தையும் ஐந்தாம் அதிகாரத்தையும் ஒரே அமர்வில் படியுங்கள். எருசலேம் விழுந்து ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பின், தூர தேசமான பெர்சியாவின் அரண்மனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா அழுகிறார். ‘நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்’ என்கிறார். யூத நாட்காட்டியின் கிஸ்லேயு மாதத்தில் தொடங்கிய துக்கம், நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் விண்ணப்பமாக மாறுகிறது. இடையில் நான்கு மாதங்கள்.

அந்த ‘நாங்கள்’ எவ்வளவு உண்மை என்பது ஐந்தாம் அதிகாரத்தில்தான் தெரிகிறது. நிலத்தையும் பிள்ளைகளையும் இழந்த ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். கடிந்த வாயாலேயே, நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறார். வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, நூற்றுக்கொன்று வாங்கிய வட்டி எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். ஆசாரியரை அழைத்து ஆணையிடவும் வைக்கிறார். அழுதவர் வீட்டுக் கணக்கிலும் அந்தப் பாவம் இருந்தது.

நீங்கள் யாரையும் ஒதுக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் மக்கள் நிற்க இரண்டு நீண்ட பகுதிகள், நடுவே சுவர். வேளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம். பீடம் இருவருக்கும் தெரியும், ஒருவரையொருவர் தெரியாது. 1910இல் சுவர் இடிக்கப்பட்டதும், தங்கள் உரிமை பறிபோனதாக வேளாளர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். அவர்களும் உண்மையாகவே துக்கப்பட்டிருப்பார்கள். சுவர் விழுந்ததற்காகத் துக்கப்பட்டார்கள், இருந்ததற்காக அல்ல. இது கத்தோலிக்கர் விவகாரம் என்று நாம் நகர முடியாது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை விடச் சொன்னபோது சென்னை வேப்பேரியில் பலர் சபையையே விட்டுப் போனார்கள்.

எசேக்கியேல் 9ஆம் அதிகாரத்தில் நெற்றியில் அடையாளம் பெற்று அழிவுக்குத் தப்புகிறவர்கள், நகரத்தின் அருவருப்புகளைக் கண்டு பெருமூச்சுவிடுகிறவர்கள். நியாயத்தீர்ப்பு ‘என் பரிசுத்த ஸ்தலத்திலே’ தொடங்குகிறது.

இனி செய்முறை. வெள்ளிதோறும் இருபது நிமிடம் போதும். முதலில் 51ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு தாளில் மூன்றே வரி: யாருக்கு, என்ன செய்தேன், எவ்வளவு. ‘அன்பில்லாமல் நடந்தேன்’ என்று எழுதினால் அதிலிருந்து எதையும் திருத்த வழியில்லை. ‘வேலைக்கார அம்மாவின் சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்தேன்’ என்றால் வழி உண்டு. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது. ஆகவே 600. அடுத்து தானியேல் 9:4 முதல் 19 வரை. அங்கே ‘நாங்கள்’ வரும் இடங்களில் நிறுத்தி, உங்கள் கால் பதிந்த ஓர் இடத்தின் தவறைச் சொல்லுங்கள். ‘சமுதாயம்’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தப்பித்துக்கொள்வோம். 130ஆம் சங்கீதத்தோடு எழுந்துவிடுங்கள். தாளை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்க வேண்டாம். மன்னிக்கப்பட்டதை மறுபடி கிளறுவதில்தான் உங்கள் சோர்வு தொடங்குகிறது என்று தோன்றுகிறது. மனந்திரும்புதலுக்கு நடத்தாத துக்கம், பவுல் சொல்லும் லௌகிக துக்கம் அது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

கண்ணீரைத் தேடாதீர்கள். யோவேல் கிழிக்கச் சொன்னது இருதயத்தை. கண்ணீர் வந்தால் வரட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒதுக்கப்பட்டவரிடம் போய் அழுது, ‘மன்னித்தேன்’ என்று அவரைச் சொல்ல வைக்காதீர்கள். அவருடைய பாரத்தின்மேல் உங்களுடையதையும் ஏற்றுகிறீர்கள். அதற்குப் பதில் சபைச் செயலரிடம் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். யார் யாருக்கு எந்தப் பக்கம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.