வக்கீலம்மா பதில்கள்: கண்டக்டர அடிச்சத பேசி முடிக்கலாமா?

கேள்வி: வக்கீலம்மா, என் வீட்டுக்காரர் கவர்மெண்ட் பஸ் கண்டக்டர், குன்னூர் கோத்தகிரி லைன். போன வாரம் கடைசி டிரிப்ல ஒருத்தர் குடிச்சிட்டு படியிலயே நின்னுருக்கார், வளைவு வருது உள்ள வாங்கண்ணான்னு இவர் சொன்னதுக்கு சட்டைய புடிச்சு இழுத்து வாயிலயே குத்திட்டார், லாலி ஆஸ்பத்திரியில உதட்டுல 3 தையல். ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கான ரசீது) மட்டும் குடுத்துட்டு, ஊர்க்காரப் பையன்தானே பேசி முடிச்சுக்கோங்கன்றாங்க. முடிச்சுக்கலாமா?
- குன்னூர் வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி. மூடுபனியில எதிர்ல வர்ற வண்டியே தெரியாத ரோட்டுல, ஒருத்தன் கீழ விழுந்துடக்கூடாதுன்னு சொன்ன மனுஷனுக்கு 3 தையலா, படிச்சதும் மனசே ஆறல.

2024 ஜூலை 1லருந்து நடக்கற சம்பவத்துக்கு பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி கிடையாது, அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்தான். பழைய 353வது பிரிவு இப்ப 132, டியூட்டி பாக்க விடாம கைய வச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில். உங்க வீட்டுக்காரருக்கு ரத்தக் காயமே ஆயிருக்கு, அதனால 121(1)ம் வரும், பழைய 332ல 3 வருஷமா இருந்தத இதுல 5 வருஷமா ஏத்திட்டாங்க. ரெண்டுக்கும் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. கவர்மெண்ட் பஸ் கழகம் மாதிரி கவர்மெண்ட் கம்பெனியில சம்பளம் வாங்கறவரும் சட்டப்படி பொது ஊழியர்தான், அதுல சந்தேகமே வேண்டாம்.

இது ராஜி ஆக முடியாத (ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்க முடியாத) பிரிவு, எஃப்ஐஆர் போட்டுட்டா உங்க வீட்டுக்காரரே நெனச்சாலும் வாபஸ் வாங்க முடியாது, ஹைகோர்ட் போய்தான் ரத்து பண்ணணும், அதனாலதான் இப்பவே பேசச் சொல்றாங்கன்னு நெனக்கிறேன். டிஎஸ்பி பர்மிஷனோட 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ண போலீசுக்கு வழி இருக்கு, அப்படி எதுவும் நடக்குதான்னு கேளுங்க, இல்லன்னா புகார ஊட்டி எஸ்பி ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்.

இதுல ஒண்ணு ரொம்ப முக்கியம். வெறுமனே வாயால திட்டிருந்தா 132 நிக்காது, பழைய கடன் தகராறுல அடிச்சார்னு அவங்க வக்கீல் திருப்பிட்டா இது சாதா அடிதடி கேஸ் ஆயிடும். அதனால டியூட்டியில இருந்தப்ப, படியில நிக்காதீங்கன்னு சொன்னதுக்குத்தான் அடிச்சார்ங்கறது புகார்லயே தெளிவா இருக்கணும். அன்னிக்கு டிரிப்போட வேபில் (கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதற தாள்) நகல டிப்போல கேட்டு வாங்குங்க, ஆஸ்பத்திரியில காயச் சான்று, பஸ்ல இருந்த ரெண்டு பேர் நம்பர். அந்தக் காக்கிச் சட்டைய துவைச்சுடாதீங்க தங்கச்சி, கிழிஞ்சபடியே ரத்தக் கறையோட போலீஸ்ல ஒப்படைக்கணும்.