ஒரே வரிசை இருக்கை

கேள்வி: அமெரிக்கப் பெரியவர்களிடம் இளமைக் காதலைப் பற்றிக் கேட்டால், அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அப்போது வைத்திருந்த 'ஹாட் ராட்' காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். காதலியைவிட இரும்பு பெரிதா? பணக்கார நாட்டுக் கொழுப்பு என்பதைத் தவிர வேறென்ன? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கொழுப்பு என்று எழுதிவிட்டீர்கள். அந்தக் கார் எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருந்தால் அந்தச் சொல் உங்கள் பேனாவில் வந்திருக்காது.

புதுக் கார் வாங்க வசதியில்லாத பையன்கள் பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்துவந்து உயிர் கொடுத்த வண்டிதான் ஹாட் ராட். 1932இல் ஃபோர்ட் நிறுவனம் எட்டு சிலிண்டர் இன்ஜினைச் சாமானியர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுவந்தது. 65 குதிரைத்திறன், அந்த விலைக்கு அது பெரிய விஷயம். அந்த மாடலை இன்றும் 'டியூஸ்' என்கிறார்கள். 1932இன் கடைசி எண்ணான இரண்டைக் குறிக்கும் சீட்டாட்டச் சொல் அது. உலகப் போர் முடிந்து பையன்கள் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பியபோது அந்தக் கார்கள் பல கை மாறி அடிமாட்டு விலைக்கு வந்திருந்தன. ராணுவத்தில் இன்ஜின் வேலை பழகிய கைகள் சும்மா இருக்குமா? எடை குறைய மட்கார்டுகளைக் கழற்றினார்கள். கூரைத் தூண்களைச் சில அங்குலம் அறுத்தெடுத்து, கூரையைத் தாழ்த்தி மறுபடி வெல்டிங் வைத்தார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டை ஏற்றினார்கள். எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகையில் புழுதி பறக்க ஓட்டிப் பார்த்தார்கள்.

இனி காதலுக்கு வருகிறேன். அவர்களுடைய தாத்தா பாட்டி காலத்தில் பெண்ணைப் பார்க்க வேண்டுமானால் அவள் வீட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். அடுத்த அறையில் அம்மா இருப்பார். கார் வந்த பிறகுதான் பெரியவர்கள் காது எட்டாத ஓர் இடம் கிடைத்தது. இரண்டே கதவுள்ள அந்தக் கூபே காருக்குள் ஒரே வரிசை இருக்கை. கியர் கம்பி தரையிலிருந்து நடுவில் எழும்பி நிற்கும். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அவன் கை அவள் முழங்காலுக்கு அருகே போய் வரும். அவள் தள்ளி உட்காரலாம், உட்காராமலும் இருக்கலாம். அந்த இன்ஜினில் சூடான புகை வெளியேறும் வழி சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே ஓடுவதால் ரேடியேட்டர் எளிதில் கொதித்துவிடும். மலைப்பாதையில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, சூடு தணியும்வரை இருவரும் சாலையோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச ஆரம்பிப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு அந்த வயதில் கிடைக்குமா?

இப்போது சொல்லுங்கள்: தன் கையால் முதன்முதலாக உருவாக்கிய பொருளுக்குள், தன் முதல் காதலி உட்கார்ந்திருந்த நினைவில் இரும்பை எங்கே பிரிப்பது, பெண்ணை எங்கே பிரிப்பது?

எனக்கும் அந்தப் பெரியவர்கள் மேல் வருத்தம் உண்டு. அவர்களில் பலர் தெருவிலேயே பந்தயம் ஓட்டினார்கள்; உயிர்கள் போயின. பந்தயத்தைத் தெருவிலிருந்து ஓடுதளத்துக்கு மாற்றத்தான் 1951இல் 'ஹாட் ராட்' பத்திரிகை ஆசிரியர் வாலி பார்க்ஸ் ஹாட் ராட் ஓட்டுபவர்களுக்கான தேசியச் சங்கம் ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. இன்னொன்று, இந்தக் கதைகளில் ஸ்டியரிங் பிடித்தவனின் குரல்தான் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வேகம் பிடித்திருந்ததா? பயந்தாளா? தானும் ஓட்ட வேண்டும் என்று கேட்டாளா, சாவி கிடைத்ததா? உங்கள் கோபத்தை இங்கே காட்டியிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கேட்டிருப்பேன்.