நினைவுப் பயிற்சியால் மூளை மாறுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், திரையில் மின்னி மறையும் கட்டங்களை அதே வரிசையில் திரும்பத் தொடும் பயிற்சியைக் கைப்பேசியில் தினமும் அரைமணி நேரம் செய்கிறாள். மூளையே மாறிவிடும், கணக்கு நன்றாக வரும் என்று அந்தச் செயலியில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மூளையின் செயல்பாடு மாறுவது உண்மை, அதனால் கணக்கும் வந்துவிடும் என்பதுதான் சந்தேகத்துக்குரியது.

உங்கள் பக்கத்தில் பசுந்தேயிலை எடை போடுபவரைக் கவனித்திருப்பீர்கள். தராசு காட்டும் எடையை மனத்தில் நிறுத்தி, சாக்குக்கும் ஈரத்துக்கும் உரியதைக் கழித்து, இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் எண்ணை நழுவவிடாமல் சீட்டில் எழுதுகிறாரே, அந்தச் சில நொடிகளுக்குக் கைகொடுப்பதே செயல்நினைவு. உங்கள் மகள் செய்யும் பயிற்சியும் இதைக் கூர்மையாக்கத்தான்.

இதற்கென ஐந்து வாரம் பயிற்சி பெற்ற பெரியவர்களின் மூளையில், நெற்றிப்புற மடலிலும் உச்சிப்புற மடலிலும் செயல்பாடு கூடியிருந்ததை ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டோர்கெல் கிளிங்பெர்க் குழுவினர் 2004-இல் எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளைப் படமெடுக்கும் கருவி மூலம் காட்டினர். (அந்தக் கருவி நரம்புகளின் மின்துடிப்பை நேராகப் பார்ப்பதில்லை, இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கொண்டே கணிக்கிறது.) நரம்புகளிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளிலும் மாற்றம் இருப்பதாக 2009-இல் அதே நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால், வேறு சில ஆய்வுகளில் பயிற்சிக்குப் பின் இதே பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. பழகிய வேலைக்கு மூளை குறைவாக உழைத்தாலே போதும் என்று அதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. கூடினாலும் முன்னேற்றம், குறைந்தாலும் முன்னேற்றம் என்றால், வண்ணம் தீட்டிய மூளைப் படத்தை மட்டும் காட்டி விளம்பரம் செய்பவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பயிற்சியின் பலன் எதுவரை செல்லும் என்பதே முக்கியமான கேள்வி. 2008-இல் ஸ்வீடனின் உமியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டபடி, பயிற்சியில் ஈடுபடும் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்பகுதியையே புதிய வேலையும் நாடும்போதுதான் பலன் அதற்கும் தாவுகிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013-இல் அலசிய ஆய்வாளர்கள் மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும், பயிற்சியை ஒத்த தேர்வுகளில் உடனடி முன்னேற்றம் தெரிந்தாலும், வாசிப்புக்கோ கணக்குக்கோ அது பரவியதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிவு கூறினர்.

மகளுக்குப் பிடித்திருந்தால் விளையாடட்டும். கணக்குப் போடும் நேரத்தை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டாம். நீண்ட வாக்கியக் கணக்குகளில் தடுமாறுகிறாள் என்றால், படிக்கும்போதே எண்களைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள். மனத்தில் தாங்க வேண்டிய சுமை அப்போதே குறையும்.