வாசலுக்கு வந்த ஆர்கன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மேற்கின் கால்நடைப் பண்ணைகளையும் குடியேறிகளையும் காட்டும் பழைய புகைப்படங்களைச் சில நாட்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். திரைப்படங்களில் கண்ட துப்பாக்கி வீரர்கள் அவற்றில் இல்லை. மண்வீட்டு வாசலில் ஒரு குடும்பம் இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு இறுகிய முகத்துடன் வரிசையாக நிற்கிறது. கேமராவுக்காக ஏற்பாடு செய்த இந்தக் காட்சிகளை அன்றாட வாழ்க்கையின் ஆவணம் என்று எப்படி நம்புவது? அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்த பூர்வகுடிகள் ஏன் இவற்றில் கண்ணில் படுவதில்லை?

கே.ஆர்., தாராபுரம்

அன்புள்ள கே.ஆர்.,

ஏற்பாடு செய்த காட்சிகள்தாம், சந்தேகமே வேண்டாம். யாருக்குக் காட்டுவதற்காக அந்த ஏற்பாடு என்று கேட்டுக்கொண்டு பார்த்தால், அதே படங்கள் நிறையப் பேசத் தொடங்கும்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் கஸ்டர் கவுண்டியில் சாலமன் பட்சர் என்ற புகைப்படக்காரர் 1886இல் குதிரைவண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் சுற்றத் தொடங்கினார். மரம் அரிதான சமவெளி அது. அங்கே குடியேறியவர்கள் புல்லும் வேரும் பின்னிக் கிடந்த மேல்மண்ணைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்து அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும், வெயில் காலத்தில் மண் உதிரும். பட்சர் எடுத்த படம் ஒன்றில் ஒரு குடும்பம் தொழுவத்தையொட்டிய வெட்டவெளியில் நிற்கிறது. அவர்களுக்கு நடுவே, புழுதித் தரையில், வேலைப்பாடு மிகுந்த ஓர் ஆர்கன். வீட்டுக்குள் இருந்த அந்தக் கனத்த வாத்தியத்தை வெளியே தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். கிழக்கே இருக்கும் தன் தோழிகளுக்கு இந்தப் படத்தை அனுப்ப வேண்டும், அதில் ஆர்கன் தெரிய வேண்டும், மண்வீடு மட்டும் தெரியக் கூடாது என்று அந்த வீட்டுப் பெண்மணி சொல்லிவிட்டார்.

அந்த மண்வீட்டையே படம் பிடித்திருந்தால்கூட அவர் வாழ்க்கையைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. எதைச் சேர்த்து வைத்தார், எதற்காகக் கூச்சப்பட்டார், யாருடைய கண்ணுக்கு அஞ்சினார் என்று மூன்றும் இந்த ஒரே படத்தில் இருக்கின்றன. பட்சரின் மற்றொரு படத்தில் மேசை மீது தர்ப்பூசணி இருக்கிறது. மேட்டைக் குடைந்து கட்டிய வீடு என்பதால் பின்னால் கூரை மீதே ஒரு மாடு ஏறி நிற்கிறது. தர்ப்பூசணியை எடுத்து வைத்தவர்கள் மாட்டை அங்கே ஏற்றியிருப்பார்களா என்ன! ஏற்பாடு எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதாவது ஒன்று இப்படித் தானாக உள்ளே வந்துவிடுகிறது.

நம்பக் கூடாத படங்களும் உண்டு. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்ட ஆட்கள் பண்ணை வேலியை வெட்டும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பண்ணைக்காரர்கள் பொதுநிலத்தை வளைத்துப் போட்ட கம்பி வேலியைச் சிறு குடியேறிகள் 1885இல் வெட்டியதாக அதன் குறிப்பு சொல்கிறது. அந்தப் பூசல் உண்மை. படம் மட்டும் பல ஆண்டுகள் கழித்து ஆட்களை நிறுத்தி நடிக்க வைத்து எடுத்தது.

நீங்கள் கேட்கும் அன்றாடத்துக்கு நான் மொன்டானா மாநிலத்தின் டெர்ரி என்ற ஊருக்குத்தான் போவேன். லண்டனுக்குத் தெற்கே செல்வம் மிக்க குடும்பத்தில் 1868இல் பிறந்த எவ்லின் கேமரன், கணவருடன் அங்கே பண்ணை வாழ்க்கைக்கு வந்தார். போலோ குதிரைகளை வளர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பும் திட்டம் தோற்றது. கணவருக்குப் பறவைகளை ஆராய்வதில்தான் நாட்டம். வீட்டுச் செலவுக்கு எவ்லின் காய்கறி விற்றார், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களைத் தங்கவைத்தார், 1894இல் புகைப்படக் கலையும் கற்றுக்கொண்டார். படம் ஒன்றுக்கு 25 சென்ட். வாங்கியவர்கள் மேய்ப்பர்கள், கௌபாய்கள், ரயில் பாதை வந்த பிறகு நிலம் தேடி வந்த குடும்பங்கள். மாவு பிசையும் தன்னையும் அவர் 1904இல் படமெடுத்துக்கொண்டார்.

1893 முதல் 1928இல் இறக்கும் வரை நாட்குறிப்பும் எழுதினார். அன்றைய வானிலை, செய்த வேலைகள், வரவு செலவு எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. மரம் வெட்டுவது, குதிரைக்குட்டிகளைப் பழக்குவது, கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடுவது ஆகியவை தமக்குப் பிடித்த வேலைகள் என்று கடிதமொன்றில் மகிழ்ச்சியோடு எழுதினார். குதிரையில் இருபுறமும் கால் போட்டு அமர வசதியான பிளவுப் பாவாடையை அணிந்து மைல்ஸ் சிட்டி என்ற ஊருக்குப் போனபோது, கைது செய்வோம் என்று அவரை மிரட்டினார்கள். அவர் அதை அணிவதை விடவில்லை. அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். அவருடைய நெகட்டிவ்கள் பல பத்தாண்டுகள் டெர்ரியில் ஒரு தோழியின் வீட்டு நிலவறையில் கிடந்து, 1970களின் இறுதியில்தான் டோனா லூசி என்பவரின் முயற்சியால் வெளியே தெரியவந்தன. படங்களையும் நாட்குறிப்பையும் சேர்த்தே படியுங்கள். படத்தில் நிமிர்ந்து நிற்பவர் அன்று காலை என்னென்ன வேலை முடித்துவிட்டு வந்தார் என்பது குறிப்பில்தான் இருக்கும்.

இறுகிய முகத்தை வைத்து அவர்கள் மகிழ்ச்சியற்றவர்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 1890களில் படம் பதிய வைத்த கண்ணாடித் தகடுகளான உலர்தகடுகளுக்கு வெளியில் நல்ல வெளிச்சம் இருந்தால் கண நேரம் போதும், அசையாமல் வெகுநேரம் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. படம் எடுத்துக்கொள்வது சடங்குக்கு நிகரான காரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

பூர்வகுடிகளைப் பற்றிய உங்கள் கேள்விதான் கடுமையானது. மொன்டானாவின் அந்த மேய்ச்சல்நிலம் தானாகக் காலியாகவில்லை. 1876இல் பூர்வகுடிகள் அமெரிக்கப் படையைத் தோற்கடித்த லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த பிறகு அங்கே கியோ கோட்டை என்ற ராணுவத் தளம் எழுந்தது. 1880களின் தொடக்கத்தில் தோலுக்காகக் காட்டெருமைகளைக் கொன்று குவித்தார்கள். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான வட செயென் மக்களுக்கு 1884இல் ஒரு ஒதுக்கிடம் (அவர்களுக்கென்று அரசு எல்லை குறித்த நிலம்) வரையறுக்கப்பட்டது. கால்நடைப் பெருமந்தைகளின் காலம் அதன் கூடவே வந்தது. 1878இல் கியோ கோட்டைக்கு வந்த எல்.ஏ. ஹஃப்மன் என்ற புகைப்படக்காரர், காட்டெருமை வேட்டைக்காரர்களையும் கௌபாய்களையும் செயென் மக்களையும் ஒரே கேமராவில் படமெடுத்தார். ஆகவே பூர்வகுடிகளும் படங்களில் இருக்கிறார்கள். ஆனால் குடியேறிகளின் குடும்பப் படங்களைப் பெரும்பாலும் குடியேறிகளே காசு கொடுத்து வாங்கித் தங்கள் உறவினர்களுக்கு அனுப்பினார்கள். செயென் மக்களின் படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் அவர்களை அறியாத வெளியாட்கள். ஹஃப்மனின் படங்களுக்குப் போகும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.