எக்ஸ்-27 யாருக்குத் துரோகம் செய்தாள்?

அன்புள்ள சார்,

ஹாலிவுட்டின் பழைய உளவுக் காதல் படங்களைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, ஒரு வாரமாக இரவில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். கிரேட்டா கார்போ நடித்த 'தி மிஸ்டீரியஸ் லேடி', 'மாத்தா ஹரி', மார்லீன் டீட்ரிச் எக்ஸ்-27 என்ற உளவாளியாக வரும் 'டிஸ்ஹானர்ட்', கடைசியாக ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்'. கடைசிப் படம் பிடித்தது. மற்ற மூன்றும் எரிச்சலைத்தான் தந்தன.

எல்லாம் ஒரே கதை. போர் நடக்கிறது. இந்தப் பக்கத்து உளவாளி ஒருத்தி, அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவன். ரகசியத்தைத் திருட வந்தவள் மனதைப் பறிகொடுத்துவிடுகிறாள். பெண் உளவாளி என்றால் கடைசியில் கடமையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காதலனைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? அதற்காகச் சாகவும் வேண்டுமா?

எங்கள் வீட்டில் 'அந்த நாள்' படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறோம். கணவன் ஜப்பானியருக்கு உளவு சொல்கிறான் என்று தெரிந்த பிறகு பண்டரிபாய் நிற்கும் நிலை அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். எனக்கும்தான். அந்த நிமிர்வு கார்போவிடமும் டீட்ரிச்சிடமும் ஏன் இல்லை? நாட்டைவிடக் காதல் பெரிது என்று சொல்லும் படங்களை நீங்கள் ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்கள்?

ம.,
திருநெல்வேலி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் பட்டியலில் முதலில் சொன்ன படத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் கணக்கில் அடங்காது. 1928-ல் வந்த 'தி மிஸ்டீரியஸ் லேடி' மௌனப் படம். கார்போ அதில் ரஷ்ய உளவாளி தான்யா. அவள் யாரென்று தெரியாமல் காதலில் விழுகிறவன் ஆஸ்திரிய கேப்டன் கார்ல். அவனிடமிருந்த ஆவணங்கள் களவுபோகின்றன, தண்டனையும் அவனுக்குத்தான். அணிவகுத்து நிற்கும் வீரர்கள் முன்னால் அவன் சீருடையிலிருந்து பதவிச் சின்னங்களைப் பிய்த்தெடுக்கிறார்களே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இங்கே மனதைப் பறிகொடுத்து மானமிழந்து நிற்பது ஆண். பிறகு அவன் பியானோக்காரனாக வேடமிட்டு வார்சாவுக்கு அவளைத் தேடிப் போகிறான். அவனைக் காப்பாற்றத் தான்யா தன் தலைவரான ஜெனரலையே சுட்டுவிடுகிறாள். ஆள் வரும் ஓசை கேட்கிறது. செத்துச் சாய்ந்திருக்கும் மனிதனோடு ஒட்டி உட்கார்ந்து, உயிரோடிருப்பவனிடம் கொஞ்சுவதுபோல நடித்து வந்தவர்களை ஏமாற்றுகிறாள். காதலும் கொலையும் நடிப்பும் ஒரே உடலில் நிகழும் அந்த சில நொடிகளுக்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. இருவரும் எல்லை தாண்டித் தப்பிக்கிறார்கள். அவளை யாரும் சுடவில்லை.

துப்பாக்கிகளின் முன்னால் பெண் நிற்கும் முடிவு நீங்கள் பார்த்த மற்ற இரண்டு படங்களில் இருக்கிறது. இரண்டும் 1931-ல் வந்தவை. பாரமவுண்ட் டீட்ரிச்சை வைத்து எடுத்ததும், எம்.ஜி.எம். கார்போவை வைத்து எடுத்ததும் அந்த ஒரே ஆண்டில். இரண்டுக்கும் பின்னால் நிஜமாகவே சுடப்பட்ட ஒரு பெண்ணின் நிழல் விழுந்திருக்கிறது.

மாத்தா ஹரியின் இயற்பெயர் மார்கரேத்தா ஸெல்லெ. 1876-ல் நெதர்லாந்தில் பிறந்தவர். ராணுவ அதிகாரியான கணவரோடு ஜாவாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, மணவாழ்வு முறிந்த பிறகு பாரிஸுக்கு வந்தார். 1905-ல் கீமே அருங்காட்சியகத்தில் கீழைநாட்டுக் கோயில் நடனம் என்று சொல்லி ஆடினார். உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். தான் மலபார்க் கரையில் உள்ள 'ஜாஃப்னாபட்டம்' என்ற புனித நகரத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்ததாகவும், தாய் கந்தசுவாமி கோயிலில் ஆடியவர் என்றும் அவர் ஐரோப்பாவுக்குக் கதை சொன்னார். நம் யாழ்ப்பாணமும் அங்குள்ள கந்தனும் எப்படியோ அவர் காதுக்கு எட்டி, இடம் மாறி, ஒரு டச்சுப் பெண்ணின் பிறப்புக் கதையாகிவிட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அவரை எனக்கு அந்நியராக நினைக்க முடியவில்லை.

1916-ல், நாற்பது வயதில், அவர் வதீம் மாஸ்லோவ் என்ற இளம் ரஷ்ய அதிகாரியைக் காதலித்தார். மாஸ்லோவ் போர்முனையில் கண்ணில் காயம்பட்டவர். அவரைப் பார்க்க விட்டெல் என்ற ஊருக்குப் போகவேண்டும். அது போர்ப் பகுதி, அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கேட்கப் போன இடத்தில்தான் பிரெஞ்சு உளவுத் துறையின் கேப்டன் லதூ, எங்களுக்கு உளவு பார்ப்பாயா என்று கேட்டார். காதலனோடு வாழப் பணம் வேண்டும் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஜெர்மானியரிடமும் அவர் ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தார்; அவர்கள் கொடுத்த எண் எச்-21. மாட்ரிட்டிலிருந்து ஜெர்மன் ராணுவப் பிரதிநிதி பெர்லினுக்கு அனுப்பிய வானொலித் தந்திகளில் அந்த எண் வந்தது. அந்தச் சங்கேதத்தை பிரெஞ்சுக்காரர்கள் முன்பே உடைத்திருந்தார்கள்.

1917 பிப்ரவரியில் கைது. ஜூலையில் மூடிய அறைக்குள் ராணுவ விசாரணை. மாஸ்லோவ் சாட்சி சொல்ல நேரில் வரவில்லை. அந்த ஆண்டு வசந்த காலத்தில்தான் பிரெஞ்சுப் படைகளில் பெரிய கலகம் வெடித்திருந்தது. தோல்விக்கு யார்மேலாவது பழி போடவேண்டியிருந்தது. அக்டோபர் 15 அன்று வின்சென்னில் அவரைச் சுட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டார்.

ஆக, உளவாளியாக இருந்தவரைக் காதல் துரோகியாக்கவில்லை. காதலனைப் பார்க்கக் கேட்ட ஒரு சீட்டு அவரை பிரான்ஸின் உளவாளியாக்கியது. கார்போவின் படம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. ஆனால் நிஜ வாழ்க்கை அவருக்குத் தராத ஒன்றைக் கொடுத்தது: கடைசிவரை கைவிடாத காதலன். ரமோன் நவாரோ நடித்த ரஷ்ய விமானி பார்வையிழந்து வருகிறான். அது சிறை என்று அவனுக்குத் தெரியாது, மருத்துவமனை என்று நம்புகிறான். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறார்கள். மிகைநாடகம் என்பீர்கள். ஆம். எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இனி 'டிஸ்ஹானர்ட்'. உங்களோடு நான் உண்மையில் வாதாட விரும்புவது இந்தப் படத்துக்காகத்தான்.

1915, மழை பெய்யும் வியன்னாத் தெரு. தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணின் உடலை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருகிறார்கள். கூட்டத்தில் தெருவில் நின்று பிழைக்கும் ஒருத்தி. வாழவும் எனக்கு பயமில்லை, சாகவும் பயமில்லை என்று அவள் சொல்வது உளவுத் துறைத் தலைவரின் காதில் விழுகிறது. அவளோடு அறைக்குப் போய், எதிரியின் ஆள்போல நடித்து, ஆஸ்திரியாவுக்கு எதிராக வேலை செய்தால் பணம் தருகிறேன் என்கிறார். ஒயின் வாங்கிவருகிறேன் என்று வெளியே போனவள் போலீஸ்காரனோடு திரும்பி வருகிறாள். போரில் கணவனைப் பறிகொடுத்து, அதனால் தெருவுக்கு வந்தவள் அவள். இவளிடம் நாட்டுப்பற்று இல்லை என்று சொல்ல முடியுமா?

அதன்பிறகு அவள் எக்ஸ்-27. பேரரசு அவளுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது, அவ்வளவுதான். விக்டர் மெக்லாக்ளன் நடித்த ரஷ்ய உளவாளி கிரனாவ் அவளுக்குச் சரியான எதிராளி. அவள் படைகளின் ரகசியத்தை இசைக் குறிப்பாக மாற்றித் தாளில் எழுதிவைக்கிறாள். அவன் அதைப் பியானோவில் வாசித்துப் பார்த்து, இது இசையே இல்லை என்று கண்டுபிடித்துத் தாளை எரித்துவிடுகிறான். அவளோ அவனுக்கு மயக்கமருந்து கொடுத்துத் தப்பி, வியன்னாவுக்கு வந்து நினைவிலிருந்தே முழுவதையும் வாசித்துவிடுகிறாள். வேலையில் அவளைவிடத் தேர்ந்தவர் அந்தப் படத்தில் யாருமில்லை. காதலில் அசந்து கோட்டைவிடுகிறவன் கிரனாவ்தான். ஆண் உளவாளிக்கும் அந்தத் தடுமாற்றம் வருகிறது, பாருங்கள்.

பிறகு அவன் பிடிபடுகிறான். தனியாக விசாரிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, துப்பாக்கியைக் கீழே நழுவவிட்டு அவனைத் தப்பவிடுகிறாள். அதுவரை அவள் போரில் தன் பங்கைக் குறையில்லாமல் செய்திருந்தாள். அவள் கொண்டுவந்த தகவலால் செத்த வீரர்களுக்குக் கணக்கில்லை, அதற்கு அரசு மகிழ்ந்தது. ஒரே ஒருவனைச் சாகவிடாமல் தடுத்தாள், அதற்குத்தான் மரண தண்டனை. என் பார்வையில் படம் காதலையும் நாட்டையும் தராசில் வைக்கவில்லை. ஆட்களைக் கொல்ல உதவினால் பெருமை, ஒருவனைப் பிழைக்கவிட்டால் இழிவு என்று கணக்கு வைத்திருக்கும் அரசைத்தான் நம் முன்னால் நிறுத்துகிறது. 'மானமிழந்தவள்' என்ற பொருள் வரும் அந்தத் தலைப்பு ஸ்டூடியோ வைத்தது. இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க் அதை ஏற்கவே இல்லை.

கடைசி இரவில் அவள் சிறையறைக்கு ஒரு பியானோ கேட்கிறாள். நாட்டுக்கு வேலை செய்வதற்கு முன், நாட்டு ஆண்களுக்கு வேலை செய்தபோது போட்டிருந்த உடையைக் கேட்கிறாள். சீருடையில் அவள் சாக விரும்பவில்லை. காலையில் அழைத்துப்போக வரும் இளம் அதிகாரியின் வாளில் முகம் பார்த்துக்கொள்கிறாள். கண்ணைக் கட்ட அவன் நீட்டிய துணியால் அவன் கண்ணீரைத் துடைக்கிறாள். சுட உத்தரவிட வேண்டியவன் உடைந்துபோய், ஒரு பெண்ணைக் கொல்லமாட்டேன், இது போரில்லை கசாப்பு என்று கத்துகிறான். அவனை அப்புறப்படுத்தி வேறு அதிகாரியைக் கொண்டுவருகிறார்கள். அந்த இடைவெளியில் அவள் உதட்டுச் சாயம் பூசிக்கொள்கிறாள், காலுறையைச் சரிசெய்துகொள்கிறாள். நீங்கள் கேட்ட நிமிர்வு எனக்கு இங்கே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகள் ஏன் எப்போதும் ஆஸ்திரியாவிலும் ரஷ்யாவிலும் நடக்கின்றன? ஜார் ஆட்சி 1917-ல் போயிற்று, ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு 1918-ல் சிதறியது. படம் பார்த்த அமெரிக்கருக்கு அந்த இரண்டில் எந்தப் பக்கத்தோடும் ஒட்டு இல்லை. இல்லாமல்போன நாடுகளுக்குச் செய்யும் துரோகம் யாரையும் சுடாது. அதனால்தான் இயக்குநர்களால் இரண்டு கொடிகளையும் ஓரமாக வைத்துவிட்டு மனிதர்களை மட்டும் பார்க்க முடிந்தது. ஸ்டெர்ன்பெர்க் வியன்னாவில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் ஊரின் பேரரசு செத்து 13 ஆண்டு கழித்து அதற்கு ஓர் இரங்கற்பா எழுதினார்.

சொந்தப் போரில் இதே கதையைச் சொல்ல ஹாலிவுட்டுக்கு எழுபது ஆண்டு பழைய உள்நாட்டுப் போர்தான் கிடைத்தது. 1934-ல் வந்த 'ஆப்பரேட்டர் 13'-ல் மரியன் டேவிஸ் வடக்கின் உளவாளி, கேரி கூப்பர் தெற்கின் ஆள். அந்தப் படத்தை நான் உயர்த்திப் பேசமாட்டேன். அவள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு வேலைக்காரியாக நடிக்கிறாள், இரண்டு பக்கமும் சமமாக உத்தமர்கள் என்று காட்டுகிறார்கள், எந்த அடிமைகளுக்காக அந்தப் போர் நடந்ததோ அவர்கள் பின்னணியில் வந்துபோகிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பது எல்லாப் போருக்கும் பொருந்தாது.

ஹிட்லர் வந்த பிறகு ஹாலிவுட்டுக்கும் அது தெரிந்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த 'நொட்டோரியஸ்' 1946-ல் வந்தது. அதில் காதலர்கள் இருவரும் அமெரிக்காவின் பக்கம். எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் கிளாட் ரெயின்ஸ் நடித்த செபாஸ்டியன், அமெரிக்காவுக்காக உளவு பார்க்கும் கதாநாயகி இங்கிரிட் பெர்க்மனை உண்மையாகவே நேசித்து மணந்த நாஜி. 1931 ஆக இருந்தால் கதை அவனுடையதாகியிருக்கலாம். இங்கே அவன் அவளுக்குக் காப்பியில் விஷம் கொடுக்கிறான். முடிவில் கார் கிளம்பிப் போக, தன் கூட்டாளிகள் காத்திருக்கும் வீட்டுக்குள் தனியாக நடந்து போகிறான்.

'அந்த நாள்' இந்த வரிசையில் வரும் படம் என்றே நினைக்கிறேன். சென்னைமேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். படம் வந்தது 1954-ல். குண்டுக்கு பயந்து ஊரைவிட்டுப் போனவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த படம் அது. அந்த மனைவிக்கு வேறு வழியே இல்லை. உங்கள் அம்மாவுக்கு அவளைப் பிடித்திருப்பது சரிதான். அவள் நாடு உயிரோடிருந்தது, எக்ஸ்-27-க்கு அப்படி ஒன்று மிச்சமில்லை.

டீட்ரிச்சுக்கு நிஜத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. பெர்லினில் பிறந்தவர், மாற்றாந்தந்தை முதல் உலகப் போரில் செத்த ஜெர்மன் அதிகாரி. நாஜிகள் திரும்பி வரச்சொன்னபோது மறுத்து, 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தாய் பெர்லினில் இருக்க, அவர் போர்முனைகளில் நேச நாட்டு வீரர்களுக்குப் பாடினார். 1944-ல் அமெரிக்க உளவு அமைப்பு அவரை ஜெர்மன் மொழியில் பாடவைத்துப் பதிவுசெய்து, எதிரி வீரர்கள் கேட்கும்படி வானொலியில் அனுப்பியது. இசைக் குறிப்பில் ரகசியம் வைத்த எக்ஸ்-27 நினைவுக்கு வராமல் இருக்குமா? 1960-ல் பெர்லினில் மேடையேறப் போனபோது, 'மார்லீன், திரும்பிப் போ' என்று எழுதிய அட்டைகளோடு சிலர் காத்திருந்தார்கள். அவர் உள்ளே போய்த் தன் ஜெர்மன் பாடல்களைப் பாடினார்.

அன்புடன்.