சிசிஎன்ஏ தேர்ச்சியை ரத்து செய்துவிட்டார்களா? முறையிட வழி இருக்கிறது

அன்புள்ள அம்மா,

மகள் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் கணினி நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு) பாஸ் என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு, "உங்கள் தேர்வு முடிவு செல்லாது" என்று மின்னஞ்சல் வந்தால் எந்த வீட்டிலும் தூக்கம் போய்விடும். "என் பெண் காப்பியடிக்க மாட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்புகிறேன். ஆனால் சிஸ்கோவுக்கு அதை மட்டும் எழுதி அனுப்பினால் காரியம் ஆகாது.

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு என்றால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். இங்கே அது கிடையாது. சிஸ்கோ தனியார் நிறுவனம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உதவாது. தேர்வு தொடங்கும் முன் திரையில் ஒரு ஒப்பந்தம் வரும். பதற்றத்தில் பெரும்பாலானவர்கள் அதைப் படிக்காமலே ஏற்றுக்கொள்கிறார்கள். மதிப்பெண்ணின் நம்பகத்தன்மையில் சந்தேகம் வந்தால் அதை ரத்து செய்யும் சிஸ்கோவின் உரிமை அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. ஆகவே "நான் தப்பு செய்ததை நிரூபியுங்கள்" என்று சண்டை போடுவதில் பலன் குறைவு. "இந்த மதிப்பெண் எனக்கு இருக்கும் அறிவால் வந்ததுதான்" என்று காட்டுவதுதான் மகளின் வேலை.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது? யாரும் நேரில் பார்த்துப் புகார் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் எடுத்தார் என்பது கணினியில் பதிவாகிறது. படிக்கவே ஒரு நிமிடம் பிடிக்கும் கேள்விக்குப் பத்து நொடியில் சரியான விடை வந்தால் அது கண்ணில் படும். வெளியே கசிந்த பழைய கேள்விகளில் பிரமாதம், புதிய கேள்விகளில் தடுமாற்றம் என்றாலும் அப்படித்தான். டம்ப்ஸ் எனப்படும் கசிந்த கேள்வி-விடைக் கோப்புகளில் தவறான விடைகளும் இருக்கும். அதே தவறுகளை ஒரே மாதிரி பல பேர் செய்திருந்தால், எல்லாரும் எதைப் படித்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

இது தவிர வேறு காரணங்களும் உண்டு. வீட்டிலிருந்து எழுதியிருந்தால் முகம் கேமராவை விட்டு விலகியது, வாய்விட்டுப் படித்தது, யாரோ அறைக்குள் வந்தது போன்றவை. சென்டரில் எழுதியிருந்தால் அந்த சென்டர் மீதே பிரச்சினை இருக்கலாம். குறைந்த விலைக்கு யாரிடமோ வாங்கிய தேர்வுக் கட்டண வவுச்சரும் சிக்கலாகலாம். வந்த மின்னஞ்சலை நிதானமாகப் படித்து எந்த வகை என்று பாருங்கள். முறையிடக் கடைசி நாள் குறிப்பிட்டிருந்தால் உடனே குறித்து வையுங்கள்.

அப்புறம் ஒரு கஷ்டமான வேலை. மகளிடம் கோபப்படாமல் கேளுங்கள்: பயிற்சி மையத்தில் "இம்பார்டன்ட் கொஸ்டின்ஸ்" என்று ஏதாவது பிடிஎஃப் கொடுத்தார்களா? பாஸ் உத்தரவாதம் என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் இது சகஜம். பிள்ளைகள் அதை மாதிரி வினாத்தாள் என்றே நினைத்துப் படிக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். பணத்தை வாங்குவது மையம், தண்டனை விழுவது பிள்ளை மீது. அப்படி நடந்திருந்தால் மறைக்க வேண்டாம். எங்கே கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ரசீதோடு எழுதட்டும். தீர்ப்பு மாறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் மறுத்துவிட்டுப் பிறகு அகப்பட்டால் எதிர்காலத் தேர்வுகளுக்கும் தடை வரலாம்.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் ஆதாரம் திரட்டுங்கள். பாக்கெட் ட்ரேசரில் (சிஸ்கோவின் நெட்வொர்க் பயிற்சி மென்பொருள்) செய்த லேப் கோப்புகளில் தேதி இருக்கும். கல்லூரியில் சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி பாடத்திட்டம் இருந்தால் அந்தப் பாடப் பதிவுகளும் மதிப்பெண்களும் கிடைக்கும். வகுப்பெடுத்த ஆசிரியரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கலாம். கையால் எழுதிய சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு) நோட்டைக்கூடப் படமெடுத்து இணைக்கலாம்.

மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்பதில் பலர் நாட்களை இழக்கிறார்கள். தேர்வை நடத்திக்கொடுப்பது பியர்சன் வியூ. அன்று கணினி நின்றது, கண்காணிப்பாளர் குறுக்கிட்டார் என்பது மாதிரி விஷயங்களுக்கு அவர்களிடம் கேஸ் நம்பர் வாங்குங்கள். தேர்ச்சியை ரத்து செய்யும் முடிவு சிஸ்கோவுடையது, முறையீடும் அங்கேதான். ஒரு பக்கம் போதும்: தேர்வின் பெயர், தேதி, பதிவு எண், எப்படிப் படித்தார், இணைப்புகள். கடைசியாக, "நீங்கள் சொல்லும் இடத்தில், உங்கள் கண்காணிப்பில் மறுபடி எழுதத் தயார்" என்ற வரி. இந்த வரிக்கு எடை அதிகம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. "ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் பாடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தது, அதற்கு நான் இப்படி யோசித்தேன்" என்று முறையீட்டில் எழுதக் கூடாது. கேள்வியை இப்படி எழுத்தில் சொல்வது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதப்படலாம். நியாயம் கேட்கப் போய்ப் புதுக் குற்றச்சாட்டை வாங்கி வர வேண்டாம். அதேபோல், வேறு மின்னஞ்சல் முகவரியில் புதுக் கணக்கு தொடங்கித் தேர்வெழுதவும் கூடாது. பெயரும் அடையாள அட்டையும் ஒன்றுதானே, எளிதில் பிடிபடும். பதில் வரும்வரை பொறுமை வேண்டும்.

வேலை விஷயம். ஆஃபர் லெட்டரில் சிசிஎன்ஏ நிபந்தனை என்றால், பின்னணிச் சரிபார்ப்பில் நிறுவனம் அதைச் சிஸ்கோவின் பதிவில் தேடும், கிடைக்காது. ரெஸ்யூமிலிருந்தும் லிங்க்ட்இன்னிலிருந்தும் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹெச்ஆரிடம் மகளே முதலில் சொல்லட்டும்: "முடிவு மறுபரிசீலனையில் இருக்கிறது, முறையிட்டிருக்கிறேன், தொழில்நுட்ப நேர்காணலில் என்னைச் சோதித்துக்கொள்ளலாம்." முறையீடு அனுப்பிய பிறகே இதைச் சொல்ல வேண்டும், அதனால் அதை முதலில் முடியுங்கள். வரைவை அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், அன்றே பார்த்துத் தருகிறேன்.