திமிங்கலம் பார்க்கும் படகுப் பயணத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? மலையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா?

குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இலங்கைக்குப் போகும்போது தென்கரையில் உள்ள மிரிஸ்ஸாவில் திமிங்கலமும் டால்பினும் பார்க்க ஒரு நாள் ஒதுக்கலாமா, கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி வராத நம்மைப் போன்றவர்களுக்குக் கடல் எப்படி இருக்கும், 68 வயது மாமியாரை அழைத்துப் போகலாமா என்பவை உங்கள் கேள்விகள். கட்டாயம் போங்கள். முடிந்தால் இரண்டு காலைப்பொழுதுகளை ஒதுக்குங்கள். ஏன் இரண்டு என்று சொல்ல, எங்கள் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பந்தலூர் வட்டம் சேரம்பாடியைச் சேர்ந்தவள். அம்மா பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் ஒருவராக அம்மா 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு 14 வயது. பிறகு மண்டபம் முகாம், அதன்பின் கூடலூர் மலை, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. அந்தக் கப்பல் பயணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பெரியவர்கள் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே அழுதுகொண்டிருந்தபோது தான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், நான்கைந்து பெரிய மீன்கள் கப்பலோடு கூடவே ஓடி வந்ததையும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "அவை மூச்சு விட்டன. எனக்குக் கேட்டது. மீன் மூச்சு விடுமா?" என்று கேட்பார். யாரும் நம்பவில்லையாம்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் சொந்தங்களைப் பார்க்கப் பதுளைக்குப் போனோம். திரும்பும் வழியில் மிரிஸ்ஸாவில் இரண்டு இரவுகள் தங்கினோம். அம்மாவுக்கு அந்த மீனைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

முதல் நாள் ஏறியது இரண்டு அடுக்குப் பெரிய படகு. காலை ஆறரைக்குத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தூரத்தில் ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. உடனே எங்கள் படகும் சுற்றிலும் இருந்த மற்றப் படகுகளும் அந்தப் பக்கம் பாய்ந்தன. எண்ணினேன், ஏழு படகுகள். திமிங்கலத்துக்கு 100 மீட்டர் இடம் விட வேண்டும் என்று இலங்கைச் சட்டமே சொல்கிறது. அன்று பாதித் தூரம்கூட இருந்திருக்காது. அது மூன்று முறை மூச்சு விட்டுவிட்டு மூழ்கியது. மறுபடி எழுந்ததும் மறுபடி துரத்தல். மேல்தட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யானையை ஜீப் வைத்து மறிப்பதுபோல இருக்கிறது. எனக்கு இது வேண்டாம்" என்றார்.

எங்கள் ஊரில் யானை தேயிலைக்குள் புகுந்து சாலையைக் கடப்பது அன்றாடம் நடப்பது. வண்டியில் வருபவர் தூரத்திலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். முன்னால் போய் மறித்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். திமிங்கலம் திருப்பி அடிப்பதில்லை என்பதற்காக அதற்கு வழி வேண்டாம் என்று ஆகிவிடாது. அன்று கரைக்குத் திரும்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை துறைமுகத்தில் ஒவ்வொரு படகாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டோம்: திமிங்கலத்தைக் கண்டதும் இன்ஜினை நிறுத்துவீர்களா? கேட்டது அம்மாதான், தோட்டத்தில் பழகிய சிங்களத்தில், ஐம்பது வருடங்களுக்குப் பிறகு. பலர் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் யோசித்துவிட்டு, "நிறுத்துவேன் அம்மே, ஆனால் பக்கத்தில் போய்க் காட்ட முடியாது, பிறகு குறை சொல்லக் கூடாது" என்றார். அவருடைய சின்னப் படகில் மறுநாள் போனோம். எங்களையும் சேர்த்து பன்னிரண்டு பேர்.

இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையின் கலங்கரை விளக்கம் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, மிகவும் குறுகியது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அடி ஆழமாகிவிடும். அதனால்தான் நீலத்திமிங்கலங்களைக் கரைக்கு இவ்வளவு அருகில் பார்க்க முடிகிறது. ஒன்பது மணி வாக்கில் ஒரு மூச்சு தெரிந்தது. படகு ஆவலாகத் திரும்பியதும் அம்மா, "ஹெமிங் மல்லி, ஹெமிங்" என்றார். மெதுவாகத் தம்பி, மெதுவாக என்று பொருள். அவர் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார், பிறகு இன்ஜினை அணைத்துவிட்டார். கடல் அலம்பும் ஓசை மட்டும் மிஞ்சியது.

பத்து நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தோம். முதலில் தெரிந்தது திமிங்கலம் அல்ல, தண்ணீரின் நிறம். கருநீலத்துக்கு நடுவே நீளமாக ஓர் இடம் வெளிர்ந்து பச்சை கலந்த நீலமாக ஆனது. அது மேலே வந்துகொண்டே இருந்தது. பிறகு மூச்சு. மலை இறங்கிய லாரி நின்றதும் ஏர் பிரேக் காற்றை விடுமே, அதைப் பத்து மடங்கு ஆழமாக்கினால் வரும் சத்தம். ஒன்பது மீட்டர் உயரத்துக்கு நீராவித் தூண் நின்று, காற்றில் சரிந்து கலைந்தது. அதன் பின்னால் முதுகு வழுக்கி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாசி படர்ந்த பாறைபோலத் திட்டுத் திட்டான சாம்பல் நீலம். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் வெகு பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு துடுப்பு தெரிந்தது. இந்தக் கடலின் நீலத்திமிங்கலங்கள் 20 மீட்டரைத் தாண்டுபவை. இரண்டு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். ஆறேழு மூச்சுக்குப் பிறகு முதுகை வில்லாக வளைத்தது. வால் முழுதாக மேலே எழுந்தது. நீர் சொட்டியது. ஓசையில்லாமல் இறங்கிவிட்டது. அது போன இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுப்பான ஒரு வட்டம் வெகு நேரம் கலையாமல் இருந்தது.

சற்றுத் தள்ளிச் செம்மண் கரைந்ததுபோல நீரில் ஒரு சிவப்புத் திட்டு மிதந்தது. படகுக்காரர் அது திமிங்கலத்தின் கழிவு என்றார். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள், நானும் அம்மாவும் எட்டிப் பார்த்தோம். பலாப் பருவத்தில் யானை லத்தியைப் பார்த்தே அது எந்தத் தோட்டத்தில் புகுந்தது என்று சொல்லும் ஊர் எங்களுடையது. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2003இல் ஆய்வுக் கப்பலில் இருந்தபோது இப்படிப்பட்ட சிவப்புக் கழிவைக் கண்டுதான் இந்தத் திமிங்கலங்கள் இங்கேயே இரை தின்கின்றன என்று பிடித்துக்கொண்டார். நீலத்திமிங்கலங்கள் குளிர்கடலில் தின்றுவிட்டு வெப்பக் கடலுக்குக் குட்டி ஈன வருபவை என்பது அதுவரை பாடம். இங்குள்ளவை ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன.

அப்போது தொடுவானத்தில் மலைபோல் பெட்டிகளை அடுக்கிய கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று இந்தத் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே போகிறது. மோதி இறப்பவை உண்டு. பாதையைத் தெற்கே தள்ளிவிட்டால் போதும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தன் கப்பல்களைத் தள்ளி அனுப்பத் தொடங்கியது. மற்றவர்களும் செய்ய வேண்டும். பண்டிப்பூர்க் காட்டுச் சாலையில் வனவிலங்குகள் அடிபடாமல் இருக்க 2009இல் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்தபோது கூடலூர்க்காரர்கள் எவ்வளவு கோபப்பட்டோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இரவு ஒன்பதுக்கு மேல் மைசூருக்கு அவசரமாகப் போக முடியாது, சிரமம்தான். இருந்தும் அந்தத் தடை சரி என்றுதான் நான் இன்று சொல்வேன். அதோடு ஒப்பிட்டால் ஒரு கப்பல் சில மைல் சுற்றிப் போவது பெரிய காரியமே இல்லை.

திரும்பும் வழியில் டால்பின்கள் வந்தன. நாங்கள் தேடிப் போகவில்லை, அவையே படகின் முனைக்கு வந்து சேர்ந்துகொண்டன. சுழல் டால்பின்கள் என்றார்கள். தூரத்தில் ஒன்று எகிறி, பம்பரம்போல் உடலைச் சுழற்றி விழுந்தது. அருகே வந்தவை நீருக்கு மேல் எழும்போதெல்லாம் 'புஸ்' என்று ஒரு சின்ன மூச்சு. அம்மா கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டார். என்னிடம் திரும்பி, "கேட்டாயா?" என்றார். கேட்டேன்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மலைச்சாலைப் பழக்கம் கடலில் உதவாது. பஸ்ஸில் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியும், உடம்பு தயாராகிவிடும். படகு நினைத்த பக்கமெல்லாம் சாயும். முதல் நாள் எனக்கு நன்றாகவே குமட்டியது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லி போதும். கீழ்த்தட்டில், படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், மாமியாருக்கு அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இஞ்சி மொரப்பா எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது.

மிரிஸ்ஸாவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும், அப்போது திருகோணமலைப் பக்கம் போகலாம். டால்பின் மட்டும் போதும் என்றால் கற்பிட்டியில் நூற்றுக்கணக்கில் வரும். எதுவும் கண்ணில் படாத நாளும் உண்டு, இரண்டு நாள் ஒதுக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமியாரைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஏறி இறங்கும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படகுக்கும் துறைக்கும் நடுவே உள்ள இடைவெளி அலைக்கு அலை மாறும். கழிப்பறை உள்ள படகா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், நான்கைந்து மணி நேரப் பயணம். எங்கள் படகுக்காரர் அம்மாவுக்காகத் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து நிழலில் போட்டுக் கொடுத்தார். அம்மா அதில் ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை.